கஸ்தூரி மனு எழுதவில்லை

கஸ்தூரி நிலாவுக்குப் போய்த் திரும்பியவள். நாவலேந்தலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டால் அவளே சொல்லுவாள். இது கொஞ்சம் ஜாஸ்தி என்பதையும் இங்கேயே ஒத்துக்கொண்டுவிடுவது நல்லது. வீட்டுக்கும் செருப்புக் கம்பெனிக்கும் எழுபத்தைந்து கிலோமீட்டர். போக வர நூற்றைம்பது. வருஷத்தில் முந்நூறு நாள், அப்படிப் பதினோரு வருஷம். பெருக்கிப் பார்த்தால் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு; நிலா நாலு லட்சத்துக்கு உள்ளே, அதனால் போய்ச் சேர்ந்தது நிஜம். திரும்பி வந்ததுதான் பொய். வருகிற வழியில், கால்வாசித் தூரத்தில், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

நாவலேந்தல், அடி அண்ணாமலையிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடக்கிற ஊர். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை மேலேயே இருக்கிற ஊர்களுக்கு மாதம் ஒரு பௌர்ணமி வியாபாரம் உண்டு. ரமணாசிரமப் பக்கம் போனால் வருஷம் முழுக்க வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம். நாவலேந்தலுக்கு இரண்டும் இல்லை. அங்கிருந்து மலை நன்றாகத் தெரியும். மலை தெரிவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

அதனால் ஊர்ப் பெண்கள் நாற்பத்து மூன்று பேர் விடியுமுன்பே தண்ணீர் டேங்கின் அடியில் வந்து நின்று கம்பெனி பஸ் ஏறினார்கள். இரண்டேகால் மணி நேரம் போய், நாளெல்லாம் ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துவிட்டு (கம்பெனியில் அதற்கு அப்பர் என்று பெயர்), இன்னொரு இரண்டேகால் மணி நேரம் திரும்பி வந்தார்கள். பஸ்ஸில் தூங்கித் தூங்கியே ஒவ்வொருத்தியின் கழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஊரில் யாராவது பெண் தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்து வந்தால் போதும், "ஜன்னல் சீட்டா, உள் சீட்டா?" என்று கேட்பது மணியின் வழக்கம். மணி கஸ்தூரியின் புருஷன். டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

அந்த மணிதான் கோபத்துக்கும் காரணம். ஒருநாள் கஸ்தூரி காய்ச்சலுக்கு லீவு போட்டுவிட்டுப் பகல் பதினொரு மணிக்குக் கண்ணைத் திறந்தாள். எதிர்ச் சுவர் பச்சையாக இருந்தது.

"ஏங்க, இந்தச் சுவத்துக்கு எப்பங்க பச்ச அடிச்சீங்க?"

"இன்னா மே, காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சா? மூணு வாரம் ஆவுது. நீதான் பாத்துட்டு நல்லா இருக்குதுன்ன."

"நான் நீலம்னு நெனச்சிக்குனு இல்ல சொன்னேன்!"

மணி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். தன் வீட்டுச் சுவரை டியூப்லைட் வெளிச்சத்தில் மட்டுமே பார்த்தவளுக்கு, அது என்ன நிறம் என்று தெரிந்துகொள்ளக் காய்ச்சல் வரவேண்டியிருந்தது. படுத்த வாக்கில் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தாள். நாற்பத்து மூன்று பேர் கம்பெனியைத் தேடிப் போவதைவிட, ஒரு கம்பெனி நாற்பத்து மூன்று பேரைத் தேடி வந்தால் என்ன?

இடம் இருந்தது. ஊரார் வரி போட்டுக் கட்டிய கல்யாண மண்டபம். எண்பதடி நீளம், நாற்பதடி அகலம், மூன்று பேஸ் கரண்டு, வற்றாத போர் தண்ணீர். ஏசி மண்டபம் கேட்கிற மாப்பிள்ளைகள் பெருகிய பிறகு அதில் கல்யாணம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. புறாக்கள்தான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. கஸ்தூரி வார்டு மெம்பர் வேறு. நேரே ஊராட்சித் தலைவர் கண்ணாயிரத்திடம் போனாள்.

கண்ணாயிரத்துக்கு வயது அறுபத்தெட்டு. மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ரோடு, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று ஊருக்கு வந்தது எல்லாமே அவர் திங்கட்கிழமை தோறும் வரிசையில் நின்று மனு கொடுத்து வாங்கியது. விஷயத்தைக் கேட்டதும் உற்சாகமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை எடுத்தார்.

"எழுதறேன், கேட்டுக்கம்மா. மிகவும் பின்தங்கிய எங்கள் குக்கிராமத்தில், வறுமையில் வாடும் அப்பாவிப் பெண்கள்..."

"யாரு பெரியப்பா வாடறாங்க?"

"எழுதற மொற அப்படிம்மா. வாடினாத்தான் எறங்கி வருவாங்க."

"ஆபீசுக்கு எழுதினா எறங்குவாங்க. கம்பெனிக்காரன் வாடற எடத்துல எதுக்குக் காசு போடுவான்? நீங்க நெலம் வாங்கப் போனா, கெணறு வத்திப்போச்சு வாங்கிக்கங்கன்னா வாங்குவீங்களா?"

"அதுக்காக நமக்குக் கொம்பு மொளச்சிருக்குதுன்னு எழுதறதா? நாம கேக்கற எடத்துல இருக்கறோம்மா."

"நாம விக்கற எடத்துல இருக்கறோம்."

கண்ணாயிரம் பேனாவை மூடினார். ஐம்பது வருஷ மனு அனுபவத்தில் 'தாழ்மையுடன்' என்ற சொல் இல்லாத ஒரு கடிதத்தை அவர் பார்த்ததே இல்லை. அப்படி ஒன்றை அன்று சாயங்காலமே கஸ்தூரி எழுதி முடித்தாள். நாலே வரி: "நாவலேந்தலில் ஷூ அப்பர் தைக்கும் அனுபவசாலிகள் நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம். இப்போது வேறொருவருக்குத் தைக்கிறோம். எங்கள் ஊரில் கட்டடமும் கரண்டும் தயார். உங்களுக்கும் தைக்க வேண்டுமானால் வந்து பார்க்கவும்."

முகவரிக்கு அவள் யாரிடமும் போகவில்லை. கம்பெனியில் சரக்கு ஏற்றும் அட்டைப்பெட்டிகளின் மேல் எந்தெந்த ஊர், எந்தெந்தத் தெரு என்று அச்சடித்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் உலாத்தி, ஏழு விலாசத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தாள். ஏழு கடிதம் போனது. ஆறு பேர் மூச்சு விடவில்லை. ஏழாவது ஆள் இரண்டு மாசம் கழித்துப் போன் பண்ணினார். பெயர் வளவன், சென்னைக் கம்பெனி ஒன்றின் உற்பத்தி மேலாளர்.

"லெட்டர் எழுதினது நீங்களாம்மா? எங்க எம்.டி. அதை நோட்டீஸ் போர்டுல ஒட்டி வெச்சிருக்கார். கிராமத்துல ஒரு யூனிட் போடலாம்னு ஏற்கெனவே யோசனை இருக்கு. நான் வந்து பாக்கறேன். உங்களுக்கு என்னிக்கு வசதி?"

நாள் குறிக்கிற வேலை தலைவருடையது. கண்ணாயிரம் கொஞ்சமும் யோசிக்காமல் பௌர்ணமியைச் சொன்னார்.

"பெரியப்பா, அன்னிக்குக் காரு எப்படி வரும்?"

"கம்பெனி காருன்னா வுட்டுடுவாங்கம்மா. நம்ம பக்கம் எவ்ளோ ஜனம் வருதுன்னு அந்த ஆளு பாக்க வாணாமா? மத்த நாள்ல வந்தா ரோட்டுல நாயி படுத்துக்குனு இருக்கும். இது இன்னாடா ஊருன்னு திரும்பிப் போயிடுவாரு."

இந்தத் தப்பைத் திருவண்ணாமலைக்காரர்கள் மட்டுமே செய்ய முடியும். தங்கள் ஊரின் ஜோரான நாள் எதுவோ அதுவேதான் ஊருக்குள் எந்தச் சக்கரமும் உருளாத நாளும் என்பது, விருந்தாளியைக் கூப்பிடும்போது மட்டும் அவர்களுக்கு மறந்துபோகும்.

பௌர்ணமியன்று பிற்பகலில் வளவனின் காரை டவுனுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கம்பெனி காரும் சரி, கடவுளே ஓட்டிவரும் காரும் சரி, அன்றைக்கு அதற்கு மேல் போகாது. மணியின் ஆட்டோவும் வீட்டில் படுத்திருந்தது. கஸ்தூரி நடந்தே போய் அவரைக் கண்டுபிடித்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, காலில் பளபளவென்று பழுப்புத் தோல் ஷூ.

"எவ்வளவு தூரம்மா?"

"தோ, கிட்டதான் சார்."

ஆறு கிலோமீட்டர்.

பாதை நிறைய மனிதத் தலை. சுக்குக் காபி, எலுமிச்சம்பழம், விபூதி, பொரி. இத்தனை வெறுங்கால்களுக்கு நடுவில் அந்த ஒரு ஜோடி ஷூ தனியாகத் தெரிந்தது. பத்து நிமிஷத்துக்குள் அது ஒரு அம்மாளின் சுண்டுவிரலை மிதித்துவிட்டது.

"யோவ்! கண்ணு தெரியல? பூட்சு போட்டுக்குனு மலையச் சுத்தறான் பாரு, பட்டாளத்துல இருந்து வந்தவன் மாரி!"

வளவன் நூறு முறை மன்னிப்புக் கேட்டார். பிறகு ஓரமாக நின்று ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சூடேறிய தார்ரோடு. அவர் நடந்த நடையைப் பார்த்துப் பொரிக்காரர் ஒருவர், "மொதல் தரமா சாமி? போகப் போகப் பழகிடும்" என்று ஆறுதல் சொன்னார்.

"ஷூவக் குடுங்க சார், பையில வெச்சிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள் கஸ்தூரி. வாங்கினதும் அவள் கை தானாக ஷூவுக்குள் நுழைந்தது. பதினோரு வருஷப் பழக்கம். விரல்கள் தையலைத் தடவிக்கொண்டே போய்க் குதிகாலின் பின்பக்கத்தில் நின்றன. தையல் முடிகிற இடத்தில் நூல் பிரியாமலிருக்க ஊசியைப் பின்னுக்கு ஓட்டிக் கட்டுவார்கள். எல்லாரும் இரண்டு தரம் ஓட்டுவார்கள். அவளுக்குத் தெரிந்து மூன்று தரம் ஓட்டுகிறவள் ஒருத்திதான். நாவலேந்தல் ஆராயி. அதற்காகச் சூப்பர்வைசரிடம் வாரம் ஒருமுறை திட்டு வாங்குகிறவள். இந்த ஷூவில் மூன்று இருந்தது.

கஸ்தூரிக்கு உள்ளுக்குள் வேட்டு வெடித்தது. அந்த ஆளின் காலில் கிடந்தது எங்கள் ஊர்த் தையல்! வாயைத் திறக்காமல் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எங்கே வெடிக்க வேண்டுமோ அங்கே வெடித்தால் போதும்.

மண்டபத்தில் புறாக்களைத் துரத்திவிட்டு மாவிலை கட்டியிருந்தார்கள். ஆராயி உட்பட மற்ற நாற்பத்திரண்டு பேரும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாயிரம் மாலையைப் போட்டார். வளவனின் பாதங்களைப் பார்த்துவிட்டு யாரோ வெந்நீரில் உப்புப் போட்டு ஒரு பேசின் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் காலை வைத்தபடியே அவர் கரண்டு எவ்வளவு, தண்ணீர் எப்படி, லாரி வர வழி உண்டா என்று கேட்டார். எல்லாம் பிடித்திருந்தது. முகத்திலேயே தெரிந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்களுக்கு இடம் திருப்தி. ஒரே ஒரு விஷயம். கிராமத்து யூனிட் எதுவானாலும் எங்க பாலிசி ஒண்ணு இருக்கு. முதல் ஒரு வருஷம் எல்லாரும் டிரெயினீ. சம்பளமும் அந்த அளவுலதான். வேலை கத்துக்கிட்டதும் பெர்மனென்ட் பண்ணுவோம்."

"ரொம்ப சந்தோஷங்க" என்று கண்ணாயிரம் கும்பிட்டார். "நீங்க பாத்து எது செஞ்சாலும்..."

"பெரியப்பா, இருங்க." கஸ்தூரி எழுந்தாள். பையிலிருந்து ஷூவை எடுத்து நடுவில் வைத்தாள். "சார், டிரெயினீ யாரு? ஆறு கிலோமீட்டரு உங்க ஷூவத் தூக்கிக்குனு வந்தவ சொல்றேன். இந்தத் தையலப் போட்டதே எங்க ஆளு. தோ, ஆராயி. மூணு கட்டு போடறது இந்த ஜில்லாவுலயே இந்தக் கை ஒண்ணுதான். அக்கா, நீயே சொல்லு."

பாயில் கைதட்டல் எழுந்தது. ஆராயி ஷூவை வாங்கினாள். ஐம்பத்திரண்டு வயது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சன்னல் வெளிச்சத்தில் நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நான் தச்சது இல்ல."

கைதட்டல் நின்றுபோனது.

"அக்கா! மூணு கட்டு இருக்குது பாரு!"

"இருக்குது. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு வுழல. நான் போட்டா மூணு ஓட்டமும் அதே மூணு ஓட்டைல எறங்கும். இதுக்கு ஒன்பது ஓட்டை. பத்தலியோ, பத்தலியோன்னு பயந்துக்குனு போட்டது." ஆராயி வளவனைப் பார்த்தாள். "இது கத்துக்குற பொண்ணு கை சார். நம்ம கம்பெனி லைனே கெடையாது."

கஸ்தூரிக்குக் காது வரை சூடு ஏறியது. ஊர் பார்க்க, வந்த ஆள் பார்க்க, அவள் வேட்டு நமுத்துப்போனது. கண்ணாயிரம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆராயியோ இன்னும் ஷூவை விடவில்லை.

"துணியா இருந்தா பரவால்ல. தோலுல ஓட்டை ஜாஸ்தியானா அங்கியே கிழியும். தோ." கட்டைவிரலால் குதிகால் தையலை உள்ளிருந்து அழுத்தினாள். பட்டென்று ஒரு சத்தம். தையல் ஓரமாகத் தோல் ஒரு விரல் நீளத்துக்கு வாயைப் பிளந்தது. "நான் அழுத்தலன்னாலும் ஒரு மாசத்துல போயிருக்கும்."

வளவன் பேசினிலிருந்து காலை எடுத்தார். ஈரக்காலோடு வந்து ஷூவை வாங்கிப் பார்த்தார்.

"போன மாசம் ஒரு கிராமத்துல டிரெயினிங் யூனிட் ஆரம்பிச்சோம்" என்றார் மெல்ல. "அங்க முடிஞ்ச முதல் ஜோடின்னு எனக்குப் பரிசா கொடுத்தாங்க."

"அந்தப் பொண்ணத் திட்டாதீங்க சார்" என்றாள் ஆராயி. "பழகினா வந்துடும். எங்கள அதுங்கூட ஒரே பெஞ்சுல ஒக்காரவெக்காதீங்க, அவ்ளோதான்."

அவமானம் தணிந்த இடத்தில் கஸ்தூரிக்குப் பழைய கோபம் தெளிவாகத் திரும்பி வந்தது. "நான் சொன்னது தப்பு சார். ஆராயி அக்கா தைக்கல. ஆனா, யாரு தச்சதுன்னு கையில எடுத்ததும் சொன்னது யாரு? உங்க கம்பெனில எத்தினி பேரு அதச் செக் பண்ணி உங்களுக்குப் பரிசா குடுத்தாங்க? எங்கள மொத நாள்லயே தையல்காரின்னு எழுதுங்க. அனுபவத்துக்கு உண்டான சம்பளம். காலைல ஒன்பது மணிக்கு வேலை."

"கம்பெனி பாலிசியை நான் மாத்த முடியாதும்மா. ஒத்துக்கலேன்னா?"

"ஒத்துக்கலன்னா நாளைக்கிக் காலைல எங்களுக்கு பஸ் இருக்குது. போயிக்குனுதானே இருக்கறோம், இன்னமும் போவோம். எங்க ஊருக்கு வந்து, எங்க மண்டபத்துல ஒக்காந்துக்குனு, எங்களயே கத்துக்குட்டின்னு கூப்பிடற கம்பெனி எங்களுக்கு வாணாம் சார்."

வளவன் கைக்குட்டையால் காலைத் துடைத்தார். மணியின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கிழிந்த ஷூவைத் தானே பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

மறுநாள் பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை. அதுவே பெரிய தண்டனை. "ஒரு வருஷம்தானே, பல்லக் கடிச்சிக்குனு இருந்திருக்கலாம்" என்று முன்சீட்டிலிருந்து ஒருத்தி சொன்னாள். "வீட்டுக்கிட்ட வந்த சோறு" என்றாள் இன்னொருத்தி. கஸ்தூரி ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்தாள்.

"இன்னிக்கு டிரெயினீன்னு கையெழுத்து போட்டா, அடுத்த வருஷமும் அதே கையெழுத்துதான் கேப்பாங்க" என்றாள். சொன்னது தைரியமாகத்தான் வந்தது. ஆனால் நாற்பத்திரண்டு பேரின் பகல் வெளிச்சத்தைத் தன் வாயால் கெடுத்துவிட்டோமோ என்ற பயம், பஸ் கம்பெனி வாசலில் நிற்கும் வரை போகவில்லை. வாரங்கள் போயின. ஆறாவது வாரம் கண்ணாயிரம் கமுக்கமாக ஒரு தாளை நீட்டினார். 'மிகவும் பின்தங்கிய' என்று தொடங்கியிருந்தது. "ஒரு கையெழுத்து போடும்மா. மன்னிப்பு கேட்டா தப்பில்ல."

"தப்பு செஞ்சிருந்தா கேட்டிருப்பேன் பெரியப்பா."

எட்டாவது வாரம், நாய் படுத்திருக்கும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, நாவலேந்தலுக்குள் ஒரு மினி லாரி வந்தது. இரண்டு தையல் மெஷின், வெட்டிய தோல் ஒரு பெட்டி, கூட ஒரு மெக்கானிக். வளவன் கொடுத்தனுப்பிய சீட்டில், "இருபது ஜோடி. தைத்து அனுப்புங்கள். பார்க்கலாம்" என்று மட்டும் இருந்தது. கஸ்தூரியும் ஆராயியும் அந்த வாரம் லீவு போட்டார்கள். பழைய கம்பெனியில் அட்டெண்டன்ஸ் போனஸ் போனது. மண்டபத்தில், பகல் வெளிச்சத்தில், இருபது ஜோடியைத் தைத்தார்கள். ஒவ்வொரு ஜோடியையும் ஆராயி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்த பிறகே பெட்டிக்குள் விட்டாள். இரண்டு ஜோடியை அவளே பிரித்துப்போட்டு, மிச்சத் தோலில் திரும்பத் தைக்க வைத்தாள். இரண்டும் கஸ்தூரி தைத்தவை.

பெட்டி போன பத்தாம் நாள் நாற்பத்து மூன்று நியமனத் தாள்கள் வந்தன. மணி ஒன்றை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படித்தான்: "பதவி, தையல் மெஷின் ஆபரேட்டர், முதல் நிலை. ஏமே, இதுல டிரெயினீன்னு எங்கியும் இல்லியே! அச்சடிக்க மறந்துட்டாங்களா?" கஸ்தூரி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

தை மாதத்தில் திறப்பு விழா. காலை ஒன்பது மணி. மண்டபத்துக்குள் வரிசையாக மெஷின்கள், வாசலில் வாழைமரம், கண்ணாயிரம் புது வேட்டி. தண்ணீர் டேங்கின் அடியில் அன்று ஒருத்தரும் நிற்கவில்லை. வளவன் மைக்கைப் பிடித்தார். நல்ல மனிதர், நல்ல மனசோடுதான் பேசினார். எம்.டி.க்கு நன்றி சொன்னார், தலைவருக்கு நன்றி சொன்னார், கஸ்தூரியின் கடிதத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். கடைசியில் குரலை உயர்த்தினார்.

"இன்று முதல் நாவலேந்தலுக்கு நாங்கள் வேலை கொண்டு வந்திருக்கிறோம்!"

கைதட்டக் கண்ணாயிரம் இரண்டு கையையும் தூக்கினார். முதல் வரிசை மெஷினில், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த ஆராயி தலையை நிமிர்த்தவில்லை.

"வேல எங்க கையில ஏற்கெனவே இருந்துது சார்" என்றாள். "நீங்க கொண்டாந்தது மெஷினு."